தசம் எட்டு வட்டியும் அறுநூறு கழிவும்

"என்னப்பா, நூற்றுக்குத் தசம் எட்டு வட்டி எண்டால் குறைவுதானே?"

லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமல் கேட்டாள். லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் வீட்டுக் குசினி ஒடுக்கமானது. ஒருவர் நின்று வெட்ட, மற்றவர் மேசையோரம் இருந்து கடை ரசீதைச் சரிபார்க்கலாம். அதற்கு மேல் இடமில்லை. நான் ரசீதைக் கீழே வைத்தேன். மணம் முடித்த முப்பத்தெட்டு வருடங்களில் அவள் என்னிடம் வட்டிக் கணக்குக் கேட்டது அதுவே முதல் தடவை.

"ஒண்டுக்கும் குறைவெல்லோ? நல்ல வட்டி. ஆர் தாறது?"

"ஒருத்தரும் தரேல்லை. சும்மா கேட்டனான்."

அவள் லீக்ஸைக் கழுவப் போய்விட்டாள். நானும் ரசீதுக்குத் திரும்பினேன். அதில் தேங்காய்ப்பாலுக்கு இரண்டு தடவை காசு போட்டிருந்தார்கள்.

எங்களவர்களுக்கு வட்டி என்றால் மாத வட்டி. "நூற்றுக்கு இரண்டு" என்றால் நூறு ரூபாவுக்கு மாதம் இரண்டு ரூபா; "தசம் எட்டு" என்றால் எண்பது சதம். மாதத்துக்கு என்று யாரும் சொல்வதில்லை, சொல்லத் தேவையுமில்லை. யாழ்ப்பாணத்தில் நகையை அடகு வைத்தவரும் அப்படித்தான் பேசினார். லண்டனுக்கு வந்து இருபது, முப்பது வருடமானவரும் கைமாற்றுக் கொடுக்கும்போது அப்படித்தான் பேசுகிறார். நான் வர்த்தகம் படித்தவன். இங்கே ஒரு பண்டகசாலையின் இருப்புக் கணக்குப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவன். வருட வட்டி, கூட்டு வட்டி எல்லாம் தெரியும். ஆனாலும் குசினியில் மனைவி கேட்டபோது என் தலையும் மாதக் கணக்கில்தான் ஓடியது.

கவலைப்படுவது என் சுபாவம். கவலைப்பட ஒன்றுமில்லாத நாட்களில் பேருந்து வரப் பிந்துவதற்காகக் கவலைப்படுவேன். இரண்டு நாள் கழித்து, ஈஸ்ட் ஹாமுக்கு மீன் வாங்கப் போகும் பேருந்தில் அந்தத் தசம் எட்டு மறுபடி தலைக்குள் வந்தது. மாதம் தசம் எட்டு என்றால் வருடத்துக்கு ஒன்பது தசம் ஆறு. என் கடனட்டைக்காரன் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்கிறான். ஈடு ஒன்றுமில்லாமல், பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் குசினியில் பகுதி நேரம் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு, இவ்வளவு மலிவாகக் காசு கொடுக்க இந்த நகரத்தில் யார் இருக்கிறார்கள்? யாரோ பொய் சொல்லியிருக்க வேண்டும். அல்லது அந்தத் தசம் எட்டு மாதத்துக்கு உரியதல்ல.

மீன் வாங்கவில்லை. எதிர்ப்பக்கத்துப் பேருந்தில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

"நீர் எங்கையோ கடன் எடுத்திருக்கிறீர்," என்றேன், சப்பாத்தைக் கழற்றாமலே.

"மீன் எங்கை?"

"மீனை விடும். எவ்வளவு?"

அவள் கையைச் சீலையில் துடைத்தாள். பிறகு, "நானூறு," என்றாள். "கத்தாதேங்கோ. போனில எடுத்தது. மாதம் மூண்டு பவுண்ஸ் இருபதுதான் வட்டி."

நானூறுக்கு நூற்றுக்குத் தசம் எட்டு, மூன்று பவுண்டு இருபது பென்ஸ். கணக்குச் சரி. என் மனைவி பெருக்கத் தெரியாதவள் அல்ல.

"போனைக் காட்டும்."

காட்டினாள். வேலைத்தலத்தில் கூட இருக்கும் பெண் சொல்லி, போனில் விண்ணப்பித்து, தேநீர் இடைவேளை முடியுமுன் காசு வங்கிக்கு வந்துவிட்ட கடன் அது. சம்பள நாளில் திருப்பிக் கட்டவேண்டிய கடன். தசம் எட்டு என்று இருந்தது. பக்கத்தில் ஒரு நாளைக்கு என்றும் இருந்தது. முப்பது நாளுக்குத் தொண்ணூற்றாறு பவுண்டு. எங்கள் வழக்கப்படி சொன்னால் நூற்றுக்கு இருபத்துநாலு வட்டி. ஊரில் அப்படி ஒருவர் கேட்டிருந்தால் வீதியில் இறங்கி நடந்திருக்க முடியாது.

"இதில வருச வட்டி ஆயிரத்துச் சொச்சம் எண்டு போட்டிருக்கே, இதைப் பாக்கேல்லையோ?"

"அது அவையின்ர கஸ்டமர் நம்பர் எண்டு நினைச்சன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கீழே எல்லாம் இருந்தன. நாள் வட்டி, வருட வட்டி, திருப்பிக் கட்டவேண்டிய மொத்தம், சட்டப்படி காட்டவேண்டிய அத்தனையும் மறைக்காமல் இருந்தன. அவள் தனக்கு வாசிக்கத் தெரிந்த ஓர் எண்ணை மட்டும் வாசித்தாள். அதைத் தான் வளர்ந்த இடத்து வழக்கப்படி வாசித்தாள்.

முதல் தவணை நாளில் அவளிடம் முழுக் காசும் இருக்கவில்லை. 'முப்பது நாள் நீடிக்க' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அமர்த்தினாள். தொண்ணூற்றாறு பவுண்டு வங்கியிலிருந்து போனது. எடுத்த தொகையில் ஒரு பகுதி கழிந்தது என்று நினைத்தாள். ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் இன்னும் நானூறு என்றே நின்றது. கொம்பியூட்டர் பிழை, தானாகச் சரிவரும் என்று காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பின் நடுவில்தான் லீக்ஸ் வெட்டிக்கொண்டு என்னிடம் கேட்டிருக்கிறாள். அடுத்த தவணை வருகிற வெள்ளிக்கிழமை.

கடன் எதற்கு என்று நான் கேட்கவில்லை. தெரிந்திருந்தது. சீட்டு.

என் மனைவி சீட்டுத் தாச்சி. அதாவது பன்னிரண்டு பேரைச் சேர்த்து, மாதம் ஆளுக்கு இருநூறு பவுண்டு வாங்கி, சேர்ந்த இரண்டாயிரத்து நானூறை ஒவ்வொரு மாதமும் ஒருவருக்குக் கொடுப்பவள். முதல் மாதச் சீட்டு தாச்சிக்கு. அதற்குப் பதிலாக, யாராவது கட்டாமல் விட்டால் அதைத் தாச்சிதான் போடவேண்டும். இரண்டாம் மாதத்திலிருந்து காசு யாருக்கு என்பதை ஏலம் முடிவு செய்யும். யார் கூடுதலான தொகையைக் கழிவாக விட்டுக்கொடுக்கிறாரோ அவருக்குச் சீட்டு. விட்டுக்கொடுத்த கழிவைப் பன்னிரண்டு பேருக்கும் பிரிப்பார்கள். நான் இதை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தவன். "கையெழுத்தில்லை, பற்றுச்சீட்டில்லை, நீர் மட்டும் பிணை," என்று பதினைந்து தடவையாவது சொல்லியிருப்பேன். அதனால்தான் என்னிடம் வராமல் போனிடம் போயிருக்கிறாள்.

கட்டாமல் விட்டவன் அவளுடைய ஒன்றுவிட்ட தம்பி. ஹவுன்ஸ்லோவில் இருக்கிறான். விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கும் வேலை. இரண்டாம் மாதச் சீட்டை எடுத்தவன், நாலாம் மாதமும் ஐந்தாம் மாதமும் காசு தரவில்லை. அந்த நானூறைத்தான் இவள் கடன் எடுத்துப் போட்டாள். ஆறாம் மாதம் எப்படியோ கொண்டுவந்து தந்தான். ஏழாம் மாதச் சீட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை. இந்தமுறையும் ஏலாது என்று செய்தி அனுப்பியிருந்தான்.

"ஆருக்கும் தெரியக்கூடாது," என்றாள் மனைவி. "அவனுக்கு ஷிப்ட் வெட்டிப்போட்டினம். இன்னும் மூண்டு, நாலு மாதத்தில சரிவரும். அதுவரைக்கும் இந்தப் பட்டனை அமத்திக்கொண்டிருந்தால் காணும்."

மறுநாள் காலை அவள் வேலைக்குப் போனதும் சட்டம் படிக்க உட்கார்ந்தேன். இணையத்தில் 'அரசு விதித்த எல்லை' என்று தேடினால் கொட்டுகிறது. ஓர் இடத்தில் இந்தக் கடனே தடை, இன்னோர் இடத்தில் ஒருமுறைகூடத் தவணையைத் தள்ள ஏலாது, பக்கத்து இடத்தில் எத்தனை தரமும் தள்ளலாம் என்று இருந்தது. இப்படியும் ஒரு நாடா என்று திட்டிக்கொண்டு, மூன்று தாள் நிறையக் குறித்தேன். மத்தியானச் சோற்றுக்கு எழும்பும்போதுதான் பார்த்தேன், அவை அமெரிக்காவின் மாநிலங்கள். அரைநாளாக நான் படித்தது வேறு நாட்டுச் சட்டம்.

பின்னேரம் எங்கள் நாட்டினதைக் கண்டுபிடித்தேன். அது எளிது. வட்டியும் மற்றக் கட்டணங்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு நூற்றுக்குத் தசம் எட்டைத் தாண்டக்கூடாது. கட்டத் தவறினால் தண்டமாகப் பதினைந்து பவுண்டுக்கு மேல் கேட்கக்கூடாது. எத்தனை நாள் இழுத்தாலும், எடுத்த தொகையைப்போல இன்னொரு மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது. தவணையை இரண்டு தடவைக்கு மேல் தள்ளக்கூடாது. ஒவ்வொரு தடவையும் தள்ளுவதற்கு முன், இலவசமாகக் கடன் ஆலோசனை எங்கே கிடைக்கும் என்று சொல்லவேண்டும். வங்கி அட்டையில் காசு எடுக்க முயன்று இரண்டு தரம் தோற்றால் மூன்றாம் தரம் கை வைக்கக்கூடாது. கட்ட ஏலாது என்று நேரே சொன்னால் அவகாசம் கொடுக்க யோசிக்கவேண்டும்.

படிக்கப் படிக்க எனக்கு ஒருவித மரியாதை வந்தது. யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து, மனிதர் எங்கே சறுக்குவார்கள் என்று படி படியாக யோசித்து, ஒவ்வொரு படியிலும் ஒரு கைப்பிடி போட்டிருக்கிறார்கள்.

மனைவி வந்ததும் விளக்கினேன். இந்த வெள்ளிக்கிழமை அமர்த்தினால் அதுதான் கடைசித் தடவை, அதற்குப் பிறகு முப்பதாம் நாள் நானூற்றுத் தொண்ணூற்றாறும் ஒன்றாகக் கட்டவேண்டும், கட்டாவிட்டாலும் மொத்தம் எண்ணூறுக்கு மேல் அவர்கள் கேட்க முடியாது என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. நான் எதிர்பார்த்த தெளிவு அல்ல.

"அப்ப ஆக மிஞ்சினால் எண்ணூறு. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதானேயோ? நானூறுக்கு எண்ணூறு!"

"ஆருக்கும் தெரியாமல் இருக்கிறதுக்கு நானூறு. ஓமெண்டு வைப்பம்."

அவளைக் காப்பாற்றப் போட்ட எல்லையை அவள் விலைச்சீட்டாக எடுத்துக்கொண்டாள். சட்டத்தை எழுதியவர்கள் அந்த அறையில் இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

நான் என் சேமிப்பிலிருந்து முழுவதையும் கட்டிவிடுகிறேன் என்றேன். உண்மையாகவே சொன்னேன்.

"வேண்டாம்."

"ஏன்?"

"உங்களிட்டை வாங்கினால் அது முடியாத கடன். நீங்கள் கேக்க மாட்டீங்கள். ஆனா ஒவ்வொரு தரமும் நான் ஒரு சீலை வாங்கேக்கை உங்கட முகம் கேக்கும். அவங்கள் எண்டால் எண்ணூறோட நிப்பாட்டுவாங்கள்."

கடன் ஆலோசனைக்கான இலவச எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன். ஓர் இளம் பெண்குரல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடன் மனைவியின் பெயரில் இருப்பதால் மனைவியோடுதான் பேசவேண்டும், அவர் விரும்பினால் மட்டும் என்றது. மனைவி விரும்பவில்லை.

அதனால் வியாழக்கிழமை ஹவுன்ஸ்லோவுக்குப் போனேன். எலிசபெத் லைனில் ஏறி, நடுவில் மாறி, பிக்கடிலி லைனில் மேற்கே போகும் நீண்ட பயணம். அவனிடம் என்ன கேட்பது என்று வழிநெடுக ஒத்திகை பார்த்தேன். அக்காவின் பேரைக் கெடுக்கிறாய் என்று தொடங்குவதாக முடிவு செய்திருந்தேன்.

அவன் வாசலுக்கே வந்து, "வாங்கோ அத்தான்," என்று என் பையை வாங்கிக்கொண்டான். அறைக்குள் ஒரு கட்டில், ஒரு கதிரை, சுவரோடு அடுக்கிய நாலு பெட்டி. தேநீர் போட்டுத் தந்துவிட்டுக் கட்டிலில் இருந்தான். நாற்பத்து மூன்று வயது. தாடியில் நரை கலந்திருந்தது.

"அக்கா அனுப்பினவவோ?"

"அவவுக்குத் தெரியாது. நீ கட்டாத காசுக்கு அவ போனில கடன் எடுத்திருக்கிறா. அது தெரியுமோ?"

அவன் கோப்பையைத் தரையில் வைத்தான்.

"எந்த அப்?"

அந்தச் செயலியின் பெயரைக் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொன்னேன். அவன் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"அத்தான், நான் சீட்டை ஏன் அறுநூறு கழிச்சு எடுத்தனான் எண்டு ஆராவது கேட்டனீங்களோ?"

இல்லை. ஒருவரும் கேட்கவில்லை. அந்த இரண்டாம் மாத ஏலம் எங்கள் முன்னறையில்தான் நடந்தது. வந்தவர்களுக்குப் பொரித்த ரோல்ஸ் தட்டோடு நானும் வாசலில் நின்றேன். ஒருவர் இருநூறு என்றார், இன்னொருவர் இருநூற்றைம்பது என்றார். இவன் ஒரேயடியாக அறுநூறு என்றான். பிறகு எல்லோருக்கும் சிரிப்பு. அறுநூறைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு ஐம்பது. அந்த மாதம் இருநூறுக்குப் பதிலாக நூற்றைம்பது கட்டினால் போதும். "தம்பி, மாதாமாதம் நீயே எடு," என்று ஒருவர் முதுகில் தட்டினார்.

"அப்ப எனக்கும் இதே மாதிரிக் கடன் ஒண்டு இருந்தது," என்றான். "காருக்கு எண்டு எடுத்தது. ரெண்டு தரம் தள்ளினன். மூண்டாம் தரம் அமத்த விடேல்லை. பட்டனே சாம்பல் நிறமாப் போச்சு. ரெண்டு தரம் பாங்க் காட்டில இழுத்துப் பாத்தாங்கள், காசில்லை. முழுசாக் கட்டு எண்டு மெசேச்சுக்கு மேல மெசேச். அந்த ஞாயிற்றுக்கிழமை சீட்டு. எவ்வளவு கழிச்செண்டாலும் எடுக்கத்தான் வேணும் எண்டு வந்தனான். எண்ணூறு கேட்டிருந்தாலும் விட்டிருப்பன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"ஆருக்கு? உங்களுக்கோ? நீங்கள் ரோல்ஸ் எத்தினை எண்டு எண்ணிக்கொண்டு நிண்டனீங்கள்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. பிறகு இருவரும் சிரித்தோம், அதிகம் இல்லை. அவன் மாதம் ஐம்பது தர ஏலும் என்றான். அதற்கு மேல் பொய் சொல்ல விருப்பமில்லை என்றான்.

திரும்பும் ரயிலில் கணக்குப் போட்டேன். ஆயிரத்து எண்ணூறு வாங்கியவன், முதல் இரண்டு மாதமும் தானே கட்டிய முந்நூற்றைம்பதைக் கழித்தால், உண்மையில் எடுத்தது ஆயிரத்து நானூற்றைம்பது; அதற்குப் பத்து மாதம் இருநூறு இருநூறாகக் கட்டவேண்டும். மற்ற மாதங்களின் சிறு கழிவுகளைக் கழித்துப் பார்த்தாலும், எங்கள் வழக்கில் நூற்றுக்கு ஐந்து, ஆறு வட்டி. போன்காரனின் இருபத்துநாலோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் போன்காரனுக்கு ஓர் எல்லை இருந்தது. இரண்டு தரத்தோடு அவனை நிற்பாட்ட ஒரு சட்டம் இருந்தது. அந்தச் சட்டம் போன்காரனின் கதவைச் சாத்தியபோது, திறந்திருந்த மற்றக் கதவு எங்கள் முன்னறை. அங்கே அறுநூறு என்றாலும் சரி, எண்ணூறு என்றாலும் சரி, போதும் என்று சொல்ல யாருமில்லை. அறுநூறைக் கேட்டுச் சிரித்தவர்கள் சொந்தக்காரர், கோயிலில் காண்பவர்கள், தம்பி கலியாணமாகாமல் இருப்பதற்குக் கவலைப்படுபவர்கள். அவர்களுள் என் மனைவியும் ஒருத்தி. மிச்சம் வந்த ஐம்பதில் அவள் வாங்கிய விளைமீனைச் சாப்பிட்டவர்களுள் நானும் ஒருவன்.

வீட்டுக்கு வந்து அவன் சொன்னதை அப்படியே சொன்னேன், ரோல்ஸ் கதை உட்பட. மனைவி மேசையைத் துடைத்தபடி கேட்டாள். கேட்டு முடிந்ததும், "அவன் அறுநூறு எண்டேக்கை நான்தானே முதல் கை தட்டினனான்," என்றாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்குச் சம்பளம். வேலையிலிருந்து வந்ததும் மேலங்கியோடு குசினிக் கதிரையில் இருந்தாள். திரையில் இரண்டு பொத்தான்கள். ஒன்று நீடிக்க, மற்றது முழுவதும் கட்ட. நான் எதிரில் இருந்தேன்.

"முழுசாக் கட்டினால் ஞாயிற்றுக்கிழமை அவன்ர இருநூறு போட என்னட்டை இராது. சொல்லத்தான் வேணும்."

"ஓம்."

"நீடிச்சால் இன்னும் ஒரு மாதம் ஆருக்கும் தெரியாது."

"ஓம்."

"என்ன ஓம், ஓம்? ஒரு பதிலைச் சொல்லுங்கோவன். மற்ற நேரத்தில வாய் மூடமாட்டீங்கள்."

"உம்மட கடன். உம்மட சீட்டு. நான் சொன்னால் பேந்து என்ர முகம் பேசும் எண்டுவீர்."

அவள் என்னை முறைத்துப் பார்த்தாள். பிறகு முழுவதையும் கட்டினாள். நானூற்றுத் தொண்ணூற்றாறு. திரையில் ஒரு பச்சை அடையாளமும், வாழ்த்தும், அடுத்த முறை இன்னும் கூடுதலாகக் கடன் எடுக்கலாம் என்ற அழைப்பும் வந்தன.

"இஞ்சருங்கோ," என்றாள் கொஞ்சம் கழித்து. "என்ர சீட்டு இருநூறை இந்த மாதம் வீட்டுக் காசில இருந்து எடுக்கிறன். அது கடன் இல்லை. வீட்டுக் காசு எனக்கும் சொந்தம்."

"சொந்தம்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பத்துப் பேரும் வந்தார்கள். அந்த மாதச் சீட்டு ஏலமில்லாமல் ஒரு பெண்ணுக்கு என்று முன்பே பேசி முடித்திருந்தது. மகளின் சாமத்திய வீட்டுக்கு, அதாவது பூப்பு விழாவுக்கு, மண்டபம் பிடிக்க அவளுக்கு அடுத்த நாளே காசு வேண்டும். மனைவி தேநீர் கொடுக்கும் முன்பே சொல்லத் தொடங்கினாள். ஒருவர் நாலாம், ஐந்தாம் மாதங்கள் கட்டவில்லை. தான் போனில் கடன் எடுத்துப் போட்டது. வட்டியை மாத வட்டி என்று நினைத்தது. நேற்று முன்தினம் கட்டி முடித்தது. இந்த மாதம் இருநூறு குறைகிறது. பெயரைச் சொல்லவில்லை. வராதவர் ஒருவர்தான், எல்லோருக்கும் விளங்கியது.

"அக்கா, தாச்சி எண்டால் தாச்சிதானே போடவேணும்," என்றார் கடை வைத்திருக்கும் ஒருவர். "முதல் சீட்டைக் கழிவில்லாமல் எடுத்தனீங்கள் எல்லோ? அது அதுக்குத்தானே."

"ஓம், அதுதான் முறை. ரெண்டு மாதம் போட்டனான். இப்ப என்னட்டை இல்லை."

"நாளைக்கு நான் மண்டபக்காரனுக்கு என்னத்தைச் சொல்லுறது?" என்று சீட்டுக்குரிய பெண் எழும்பிவிட்டாள். "தாச்சி போனில கடன் எடுத்தவ எண்டோ?"

மனைவி நின்றபடியே சொன்னாள்.

"அவன் அறுநூறு கழிச்சு எடுத்தவன். கடன்காரன் நெருக்கினதில எடுத்தவன். அந்த அறுநூறில எங்கள் எல்லாருக்கும் ஐம்பது ஐம்பது வந்தது. நான் கை தட்டினனான். அந்த ஐம்பதை நான் இப்ப திருப்பி வைக்கிறன். விருப்பமானவை வைக்கலாம். விருப்பமில்லாதவையை நான் ஒண்டும் சொல்ல மாட்டன்."

ஐம்பது பவுண்டு நோட்டு அல்ல. இருபது, இருபது, பத்து. அவள் மேசையில் வைத்தாள்.

கடைக்காரர், "எடுத்த கழிவு எடுத்ததுதான். அவனை ஆர் கேக்கச் சொன்னது?" என்றார். அவர் சொன்னதும் ஒரு நியாயம்தான். ஓய்வுபெற்ற தாதி ஒருத்தி பையைத் திறந்து ஐம்பதை எடுத்து வைத்தாள். "எனக்கும் உந்த அப்பில ஒண்டு கிடக்கு," என்றாள் ஒருவரையும் பார்க்காமல். "நானும் மாத வட்டி எண்டுதான் நினைச்சன்." அறை முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. பிறகு இன்னொருவர் வைத்தார். சண்டை பிடித்த பெண் நின்றபடியே, "என்ர மண்டபம்," என்று முணுமுணுத்துக்கொண்டு தன் ஐம்பதையும் போட்டாள். மொத்தம் ஐந்து பேர் வைத்தார்கள், மனைவியைச் சேர்க்காமல். மூன்று பேர் வைக்கவில்லை. இரண்டு பேர் அடுத்த மாதம் பார்ப்போம் என்றார்கள். அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும்.

முந்நூறு. குறைந்த இருநூறு நிரம்பியது. மிச்ச நூறையும் மனைவியையே எடுக்கும்படி தாதி சொன்னாள். போன்காரனுக்குப் போன வட்டி நூற்றுத் தொண்ணூற்றிரண்டு; தம்பிக்காகப் போட்ட நானூறு, அவன் ஐம்பது ஐம்பதாகத் தந்தால்தான் உண்டு.

பிறகுதான் தேநீர். தேநீரின்போது பேச்சு மாறியது. "ஓடிற்றர் அண்ணை," என்றார் கடைக்காரர். எல்லாவற்றையும் எண்ணுவதால் எனக்கு வைத்த பெயர் அது, கணக்காய்வாளர் என்ற பொருளில். "கடன்காரங்களுக்கு அரசாங்கம் எல்லை போட்டிருக்கெண்டு அக்கா சொன்னா. சீட்டுக்கு என்ன எல்லை?"

"சீட்டுக்கு ஒண்டுமில்லை. அரசாங்கத்துக்கு எங்கட முன்னறை தெரியாது."

"அப்ப நாங்களே போடுவம்," என்றாள் தாதி. ஏலம்போல எண்கள் பறந்தன. கடைசியில் நூற்றிருபதுக்கு மேல் யாரும் கழிவு கேட்கக்கூடாது, இரண்டு பேர் அதே தொகை கேட்டால் குலுக்கல் என்று முடிவானது.

"அது சரி," என்றார் கடைக்காரர். "காசுக்கு அந்தரப்பட்டவன் என்ன செய்யிறது? அறுநூறு குடுத்தெண்டாலும் எடுக்க முன்னம் ஒரு வழி இருந்தது. இப்ப அதுவும் இல்லை. குலுக்கலில விழாட்டில் அவன் திரும்பப் போனைத்தான் தூக்குவான்."

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எல்லை போடும்போது ஒரு கதவும் சாத்தப்படுகிறது. ஹவுன்ஸ்லோவில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். சட்டம் எழுதியவர்கள் அந்த இடத்தில் ஆலோசனைக்கான ஒரு தொலைபேசி எண்ணை வைத்திருக்கிறார்கள். எங்களிடம் என்ன இருக்கிறது?

"வந்து சொல்லட்டும்," என்றாள் மனைவி.

"ஆரிட்டை?"

"என்னட்டை."

கடைக்காரர் தோளைக் குலுக்கினார்.

எட்டாம் மாதச் சீட்டுக்கு இரண்டு பேர் நூற்றிருபது கேட்டார்கள். ஒருவர் கடைக்காரர், மற்றவர் கூரியர் வான் ஓட்டுபவர். தாதி பெயர் எழுதிய துண்டுகளைக் குலுக்கினாள். கடைக்காரருக்கு விழுந்தது. வான் ஓட்டுபவர் சிரித்து, "பரவாயில்லை, பரவாயில்லை," என்று இரண்டு தடவை சொன்னார். எல்லோரும் எழும்பி வாசலில் சப்பாத்துத் தேடினார்கள். அவர் மட்டும் எழும்பவில்லை. வெறும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

கடைசி ஆளும் போனபிறகு, "அக்கா, ஒரு சின்ன விசயம்," என்றார்.

மனைவி அவருக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். நான் தட்டுகளை அடுக்குவதுபோல நின்றேன். என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்கள் போய்த் தேத்தண்ணி போடுங்கோ," என்றாள்.

நான் குசினிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.